வெள்ளி நிறத்தில் மிதக்கும் கிட்னித் துண்டு

சேலம் கிச்சிப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய அக்கா மகனுக்கு 14 வயது. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கிறது, சிறுநீரில் நுரை. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தும் குறையாததால் கிட்னியில் ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்திருக்கிறார்கள். முதல் ரிப்போர்ட்டில், நுண்ணோக்கியில் பெரிய கோளாறு எதுவும் தெரியவில்லை, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இருந்ததாம். "ஒரு மைக்ராஸ்கோப்பில் தெரியாதது இன்னொன்றில் எப்படித் தெரியும்? இருப்பதையே இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் ஆகாதா?" என்று கேட்டிருந்தார்.

ஆகாது. ஏன் என்று புரிய, ஏற்காடு ஏரிக்கரையில் நின்று பாருங்கள். நிறுத்தி வைத்த படகில் சிற்றலை வந்து மோதினால் படகுக்கு மறுபக்கம் தண்ணீர் அமைதியாக இருக்கும். அலை தடைபட்டது தெரிகிறது. அதே இடத்தில் ஒரு மெல்லிய குச்சியை நட்டு வையுங்கள். அங்கே குச்சி இருந்ததே தெரியாத மாதிரி அலை அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஒளியும் அலைதான். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). ஏறக்குறைய 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக இரண்டு புள்ளிகள் இருந்தால், எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் சாதாரண நுண்ணோக்கியில் அவை ஒன்றாகத்தான் தெரியும். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே இந்த எல்லையைச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் பெரிதாக்கினால் கலங்கலும் சேர்ந்துதான் பெரிதாகும்.

கிட்னியின் வடிகட்டியில் 'பாதச் செல்கள்' என்று ஒரு வகை உண்டு, மருத்துவர்கள் போடோசைட் என்பார்கள். இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்வது போல இவை தங்கள் கால்களைக் கோத்துக்கொண்டு ரத்த நுண்குழாய்களைப் போர்த்தியிருக்கும். விரல்களுக்கு நடுவே உள்ள சந்து 25 முதல் 40 நானோமீட்டர்தான். அதன் வழியாகத்தான் தண்ணீரும் உப்பும் இறங்குகின்றன, புரதம் தங்கிவிடுகிறது. சில நோய்களில் கால்கள் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், புரதம் ஒழுகும், முகம் வீங்கும். சாதாரண நுண்ணோக்கியில் அந்தக் கிட்னி பார்க்க நன்றாகவே இருக்கும். முகம் உப்பும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஸ்டீராய்டிலேயே குணமாகிவிடுவதால் அவர்களுக்கு பயாப்சியே தேவைப்படாது. மருந்துக்கு மசியாத பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தேடல் எல்லாம்.

சரி, சின்ன அலை வேண்டும். 1 லட்சம் வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர். கண்ணாடி லென்ஸ் எலக்ட்ரானை வளைக்காது, காந்தச் சுருள் வளைக்கும். 1931-ல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் காந்தச் சுருள்களை அடுக்கி முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியைச் செய்தார்கள். நோய்க்கிருமிகளைப் பார்க்க இது உதவும் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர்களில் ஒருவர் ருஸ்காவின் தம்பி ஹெல்மூட், அவர் டாக்டர். அண்ணனுக்கு நோபல் பரிசு வந்தது 1986-ல், 55 வருடம் கழித்து.

இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு போதும். எனக்குப் பிடித்த இடம் அதற்கு முன்னால், துணுக்கை வெட்டும் மேஜையில் இருக்கிறது.

எலக்ட்ரான் மிக எளிதில் சிதறும். காற்றே அதற்குத் தடை என்பதால் கருவிக்குள் வெற்றிடம் வைக்கிறார்கள். அப்படியென்றால் சதைத் துணுக்கு எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்! சுமார் 70 நானோமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பச்சைச் சதையை அப்படி வெட்ட முடியாது. எடுத்த கையோடு குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் போட்டு, உள்ளமைப்பு குலையாமல் நிலைப்படுத்துகிறார்கள். அப்புறம் ஆஸ்மியம் டெட்ராக்சைடு, அது கொழுப்புச் சவ்வுகளில் ஏறிக் கருப்பாக்கும். பிறகு ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, எப்பாக்சி ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து, அடுப்பில் வைத்து இறுக்கினால் கல் போன்ற ஒரு சிறு கட்டி கிடைக்கும். அதற்குள் ஒரு மில்லிமீட்டர் அளவு கிட்னி இருக்கும்.

இதை வெட்டும் கத்தி கண்ணாடி. தடித்த கண்ணாடிச் சதுரத்தைக் குறுக்காக உடைத்தால் கிடைக்கும் விளிம்பு எந்த இரும்பையும் விடக் கூர்மையானது. ஆனால் ஆயுள் குறைவு, சில மணி நேரத்திலேயே மழுங்கிவிடும். வசதியுள்ள ஆய்வகங்களில் வைரக் கத்தி இருக்கும். அல்ட்ராமைக்ரோடோம் என்ற கருவியில் கட்டி மேலும் கீழும் போய்வர, ஒவ்வொரு சுற்றுக்கும் 70 நானோமீட்டர் முன்னே நகர்ந்து கத்தியில் உரசும். பழைய கருவிகள் சிலவற்றில் இதற்குத் திருகே கிடையாது. ஓர் உலோகத் தண்டை லேசாகச் சூடாக்குவார்கள், அது விரியும் விரிவுதான் கட்டியைத் தள்ளும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு விட்டாலே வெட்டு பிசகும்.

வெட்டிய துண்டை விரலால் தொட முடியாது. அதனால் கத்தியின் பின்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, நாடா போலத் தண்ணீரில் மிதந்து வரும். வெட்டும்போது சுருங்கியதை நிமிர்த்த, குளோரோஃபார்மில் நனைத்த குச்சியை மேலே காட்டுவார்கள், அந்த ஆவி பட்டுத் துண்டு விரியும். துண்டுகளை இடம் மாற்ற ஒரு குச்சி முனையில் ஒட்டிய கண் இமை முடி. ஆமாம், மனித இமை முடியேதான். அந்த அளவுக்கு மெல்லியதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் வேறு எதுவும் எளிதில் அமைவதில்லை.

இப்போது முக்கியமான கேள்வி. மிதப்பது 70 நானோமீட்டர்தானா, 150-ஆ? எந்த அளவுகோலை வைப்பது? டெக்னீஷியன் அளவுகோல் எதையும் தேடுவதில்லை, நிறத்தைப் பார்க்கிறார். சாம்பல் நிறமென்றால் 60-க்கும் கீழ். வெள்ளி நிறமென்றால் 60 முதல் 90. தங்க நிறமென்றால் 90 முதல் 150. ஊதா வந்துவிட்டால் தடிமன், அதை ஒதுக்கிவிடலாம்.

ரெசினில் சாயம் எதுவும் இல்லை. மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சிந்தினால் வானவில் தெரிகிறதே, அதே சங்கதிதான். துண்டின் மேல் பரப்பில் பட்டுக் கொஞ்சம் ஒளி திரும்புகிறது. மீதி உள்ளே இறங்கி, அடியில் தண்ணீரைத் தொடும் பரப்பில் பட்டுக் கொஞ்சம் திரும்புகிறது. இரண்டும் சேர்ந்துதான் கண்ணுக்கு வரும். காற்றிலிருந்து வந்து ரெசினில் மோதித் திரும்பும் முதல் அலை தலைகீழாகிவிடும், முகடு இருந்த இடத்தில் பள்ளம். அடியிலிருந்து வருவது அப்படிப் புரளாது. ஆகவே துண்டு மிக மெல்லியதாக இருந்தால் ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் கரைந்துவிடும். அந்த மங்கல்தான் சாம்பல் நிறம்.

70 நானோமீட்டர் என்றால் அடியில் போய் வரும் ஒளி 140 அதிகம் பயணிக்கிறது. ரெசினுக்குள் ஒளி ஒன்றரை மடங்கு மெதுவாகப் போவதால் கணக்குக்கு அது 210. நீலத்தின் ஓரத்தில் உள்ள 420 நானோமீட்டர் ஒளிக்கு இது சரியாகப் பாதி அலை. தலைகீழான அலையோடு இப்போது முகடும் முகடும் சேர்ந்துவிடும். மற்ற நிறங்களும் ஓரளவு சேர்வதால் எல்லாம் கலந்து வெண்மையாகப் பளபளக்கும், வெள்ளி! 100 நானோமீட்டருக்கு இதே கணக்கைப் போட்டால் 300 வரும். ஆரஞ்சு ஓங்கி ஊதா தளர்ந்துவிடும், அதனால் தங்கம்.

இதை முதன்முதலில் ஓர் ஆய்வகத்தில் பார்த்தபோது நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். எந்த ஒளியால் அந்தச் சந்துகளைப் பிரித்துப் பார்க்க முடியவில்லையோ, அதே ஒளி தன் அலைநீளத்தைவிட மெல்லிய துண்டை அளந்து கொடுக்கிறது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக்காக உருக்கிய வெள்ளியின் பக்குவத்தை அதன் மினுமினுப்பை வைத்தே சொல்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த டெக்னீஷியனின் கண்ணும் அப்படிப்பட்ட கண்தான்.

வெள்ளித் துண்டை 3 மில்லிமீட்டர் அகலச் செப்பு வலையில் ஏந்தி, யுரேனியம், ஈய உப்புகளைத் தடவுவார்கள். கனமான அணுக்கள் எலக்ட்ரானைச் சிதறடிக்கும், அந்த இடம் கருப்பாகும். படம் எப்போதும் கருப்பு வெள்ளைதான். வண்ணத்தில் நீங்கள் பார்க்கும் வைரஸ் படங்கள் பின்னால் வண்ணம் தீட்டியவை.

கிட்னியோடு இந்த வேலை நிற்பதில்லை. அடிக்கடி சளி பிடிக்கும் சில குழந்தைகளின் மூச்சுக்குழாய் மயிரிழைகளில் உள்ளே இருந்து அவற்றை அசைக்க வேண்டிய நுண்ணிய 'கைகள்' இல்லாததை இதில் பார்க்கலாம். குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸை 1973-ல் ரூத் பிஷப் குழுவினர் மெல்போர்னில் குடல் துணுக்கில் இதே வழியில்தான் கண்டார்கள். 2020-ல் புனே தேசிய வைராலஜி நிறுவனம் இந்தியாவில் எடுத்த கொரோனா வைரஸின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை வெளியிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஓர் ஆய்வகத்தில் நல்ல எலக்ட்ரான் நுண்ணோக்கி மாதக்கணக்கில் உறை போட்டுக் கிடந்ததைப் பார்த்தேன். துண்டு வெட்டத் தெரிந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. கோடிக்கணக்கில் கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறோம், சாம்பலுக்கும் வெள்ளிக்கும் வித்தியாசம் தெரிந்த கண்ணுக்கு நிரந்தரச் சம்பளம் ஒதுக்குவதில்லை. அந்தக் கண் பழக வருடங்கள் ஆகும். மாவட்டத்துக்கு ஒரு கருவி என்று நான் கேட்க மாட்டேன். இருக்கும் மையங்களில் ஆளைப் போடுங்கள், அவர் கையில் இரண்டு பேரைப் பழக்குங்கள் என்றுதான் கேட்பேன்.

இன்னொன்று பெற்றோருக்கு. முகம் வீங்கியதைக் கண் திருஷ்டி என்று கயிறு கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். முதல் வாரமே சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பாருங்கள், செலவு மிகக் குறைவு. பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்களும் கிட்னி வடிகட்டியைக் கெடுக்கும், வீட்டில் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிச்சிப்பாளையம் நண்பருக்கு: ரிப்போர்ட் வரும்போது கருப்பு வெள்ளைப் படம் இருந்தால் மூலையில் ஒரு சிறு கோடு போட்டிருக்கும். '1 மைக்ரான்' என்று எழுதியிருந்தால் அந்தக் கோட்டின் நீளம் 1000 நானோமீட்டர். படத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் ஓடும் பட்டை வடிகட்டியின் அடிச்சவ்வு, ஆரோக்கியமான கிட்னியில் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் பல் வரிசை மாதிரி நிற்பவை பாதங்கள். அவை தனித்தனியாக நிற்கின்றனவா, இழைந்து ஒரே தட்டாகிவிட்டனவா, பட்டை சில இடங்களில் மெலிந்து ஏடு ஏடாகப் பிரிந்திருக்கிறதா என்று டாக்டரிடம் படத்தைக் காட்டியே கேளுங்கள். எந்த மருந்து, குடும்பத்தில் வேறு யாரைச் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும்.