டாக்குமெண்டேஷன்: ஆவணமா, உரையா?

ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐ நிரல்) தானாக வீடியோ எடிட் செய்ய உதவும் கருவி ஒன்றுக்கு டாக்குமெண்டேஷன், அதாவது பயன்படுத்தும் விதத்தை விளக்கும் பக்கங்கள், எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழ்ப் பதிப்பின் முதல் பக்கத்தில் ‘ஆவணம்’ என்று தலைப்பு வைத்தேன். அடுத்த வரி ஓடவில்லை. ஏதோ சொத்துப் பத்திரம் எழுத உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சரி, மூலச் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் ‘டொகேரே’ என்றால் கற்பித்தல். அதிலிருந்து வந்தது ‘டொகுமென்டும்’: பாடம், எடுத்துக்காட்டு, சான்று. டாக்டர் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான்; அது முதலில் ஆசிரியரையே குறித்தது. காலப்போக்கில் டாக்குமெண்ட் என்பதில் பாடம் தேய்ந்துபோய்ச் சான்று மட்டும் தங்கியது. மென்பொருள்காரர்கள் டாக்குமெண்டேஷனைச் சுருக்கி ‘டாக்ஸ்’ என்று சொல்லும்போது மட்டும் பழைய பொருள் எட்டிப் பார்க்கிறது. அங்கே யாரும் எதையும் நிரூபிப்பதில்லை, கற்றுத்தருகிறார்கள்.

ஆவணம் வந்த வழி வேறு. சங்கப் பாடல்களில் ஆவணம் என்றால் கடைத்தெரு. அப்புறம் உரிமையைக் காட்டும் ஓலைக்கும் அந்தப் பெயர் வந்தது. இன்று ஆவணக் காப்பகம், ஆவணப்படம் என்கிறோம். நடந்ததையும் இருப்பதையும் பதிந்துவைப்பதற்கு அது அருமையான சொல். ஆனால் கருவியை ‘ஆவணப்படுத்தினேன்’ என்றால் பதிந்துவைத்தேன் என்றுதான் கேட்கிறது. சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்கவில்லை. கையேடு எனலாம். ஏஜென்டுக்குக் கை ஏது என்ற கேலியை விட்டுவிட்டாலும், அது நூலின் பெயர். விளக்கும் செயல் அதில் இல்லை.

சுருங்கச் சொன்னதை விரித்துச் சொல்வதற்குத் தமிழில் பெயர் உரை. நூற்பா இரண்டு மூன்று அடியில் முடிந்துவிடும், உரை இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. நிரல் கட்டளையும் அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், காண்டிகை என்ற சுருக்கமான உரைவகைக்குச் சொல்லும் உறுப்புகள் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, அவற்றோடு வினாவும் விடையும். இதைத்தான் என் முதல் வரைவில் கோட்டை விட்டிருந்தேன்.

கருவியில் ‘வெட்டு’ என்றொரு கட்டளை. இரண்டு எண்கள் கேட்கும். ‘வீடியோவை வெட்டும்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். 10ஆம் நொடியிலிருந்து 20ஆம் நொடி வரை வேண்டும் என்றதும் ஏஜென்ட் 10, 20 என்று கொடுத்தது. இரண்டாவது எண் முடிவு நேரம் இல்லை, நீளம். வந்ததோ 20 நொடித் துண்டு. பிழைச்செய்தி எதுவும் இல்லை. மனிதராக இருந்தால் ஓட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு திருத்தியிருப்பார். ஏஜென்ட் ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

திருத்தி எழுதியது இப்படி:

கருத்து: வீடியோவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதிய கோப்பாகச் சேமிக்கும். மூலக் கோப்பு மாறாது.
பதப்பொருள்: தொடக்கம், எந்த நொடியிலிருந்து என்பது. நீளம், அங்கிருந்து எத்தனை நொடி என்பது. முடிவு நேரம் அன்று. இரண்டும் நொடிக் கணக்கு, ஃபிரேம் கணக்கு அன்று.
எடுத்துக்காட்டு: 10 முதல் 20 வரை வேண்டுமானால் தொடக்கம் 10, நீளம் 10.
வினா: கேட்ட இடத்துக்குச் சற்று முன்பே துண்டு தொடங்குவது ஏன்?
விடை: மறு என்கோடிங் (வீடியோவை மீண்டும் சுருக்கி எழுதுவது) இல்லாமல் வெட்டினால் கீஃபிரேமில்தான் (முழுப் படமாகப் பதிந்த ஃபிரேமில்தான்) தொடங்க முடியும். துல்லியம் வேண்டுமானால் மறு என்கோடிங் செய்யச் சொல்லவும்.

கடைசி வினா, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளைப் பயன்படுத்தும் யாரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் இடம்.

நன்னூலில் இன்னொன்றும் உண்டு. நூலின் முன்னுரையான சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டிய எட்டில் ஒன்று ‘கேட்போர்’. கேட்பவர் மாறினால் உரையும் மாற வேண்டும். ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்க, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலில் ஒவ்வொரு கருவியும் தன் பெயர், விளக்கம், உள்ளீட்டு அமைப்பு ஆகியவற்றோடு வருகிறது. எந்தக் கருவியை எடுப்பது என்று மாடல் முடிவுசெய்ய அந்த விளக்கம்தான் பெரிய துணை. ‘எளிமையானது, வேகமானது’ என்ற விளம்பர வரி அதற்கு எதற்கு? எப்போது பயன்படுத்தக் கூடாது என்பது ஒரு வரி இருந்தால் போதும், பாதிச் சிக்கல் தீரும்.

ஆக, நான் பரிந்துரைப்பது கருவியுரை. வெறும் ‘உரை’ என்றால் சொற்பொழிவா, டெக்ஸ்ட் கோப்பா என்று குழம்பும். முன்னொட்டு கட்டாயம் வேண்டும். நிரல் நூலகத்துக்கு எழுதுவதை நிரலுரை எனலாம். எந்தக் கட்டளை எப்போது ஓடியது என்று பதிந்துவைக்கும் கோப்பு இருக்கிறதே, அதை ஆவணம் என்றால் எனக்கு மறுப்பே இல்லை.

தலைப்பைக் கருவியுரை என்று மாற்றிவிட்டேன். கோப்புறையின் பெயர் மட்டும் இன்னும் ‘டாக்ஸ்’தான், அதில் கைவைத்தால் இணைப்புகள் எல்லாம் உடையும்.