பினாங்கில் மாலை நாலு மணி இன்னும் உச்சி வெயில்தான்

பள்ளி விடுமுறையோ நீண்ட வார இறுதியோ வந்துவிட்டால், ஜார்ஜ் டவுனில் இருக்கும் எங்கள் கிளினிக்குக்கு மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரே மாதிரியான கூட்டம் வரும். கிள்ளான், ஈப்போ, சிரம்பான் என்று வெளியூர்க் குடும்பங்கள். சில சமயம் சென்னை, மதுரையிலிருந்து வந்தவர்கள். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கெண்டைக்காலில் பிடிப்பு. காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கதை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இரவெல்லாம் வண்டி ஓட்டி விடியும்போது வந்து சேர்ந்தோம், லிட்டில் இந்தியாவில் பசியாறினோம், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம், ஹோட்டலில் மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள் என்பதால் அதுவரை பிள்ளைகளைத் தாவரவியல் பூங்காவில் ஓடி விளையாட விட்டோம்.

வேறு எதற்கும் ஒதுக்க முடியாத நேரத்தைத்தான் நம் ஆட்கள் பூங்காவுக்கு ஒதுக்குகிறார்கள். கோயிலுக்கு நேரம் பார்ப்போம், சாப்பாட்டுக்கு நேரம் பார்ப்போம், கடைத்தெருவுக்கும் பார்ப்போம். மரமும் புல்லும் எப்போதும் அங்கேயேதானே இருக்கும் என்று மிச்ச நேரத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறோம். இந்தத் தீவில் அந்த மிச்ச நேரம் பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. உடம்புக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னே தள்ளி, கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒன்றேகால் மணி வாக்கில். சென்னையில் பன்னிரண்டைத் தாண்டிச் சில நிமிடங்களிலேயே உச்சி வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பினாங்கில் மாலை நாலு மணிக்கு இருக்கும் வெயில், சென்னையில் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு இருக்கும் வெயில். “வெயில் தாழ்ந்துதானே டாக்டர் போனோம், நாலு மணிக்கு” என்று சொல்பவர்களிடம் நான் முதலில் விளக்குவது இதைத்தான். இங்கே வெயில் தாழ ஐந்தரை ஆகும். விடிவதும் அப்படியே தாமதம்: ஏழு மணியை ஒட்டித்தான் வெளிச்சம் வரும். ஆக ஏழு மணிக்குப் பூங்காவுக்குள் நுழைபவர் உண்மையில் விடியலில் நுழைகிறார்.

சரி, நிழலில்தானே நடக்கிறோம், அதில் என்ன ஆபத்து என்பார்கள். நம் உடம்பு குளிர்வது வியர்ப்பதால் இல்லை, வியர்வை உலர்வதால். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி எப்படிக் காயாமல் தொங்குகிறதோ, அப்படித்தான் இந்த ஈரக்காற்றில் தோல் மேல் இருக்கும் வியர்வையும். சொட்டுச் சொட்டாய் வழிந்து போகும், உலராது. நீரும் உப்பும் போய்விடும். சூடு மட்டும் உள்ளேயே தங்கிவிடும். அதிலும் தாவரவியல் பூங்கா ஒரு பழைய கருங்கல் குவாரிப் பள்ளத்தாக்கில் அமைந்தது. சுற்றிலும் மலை, நடுவே ஓடை, மேலே மரக்கூரை. காற்று வீசுவது குறைவு. மரநிழல் தோலைப் பொசுக்காமல் காப்பாற்றும், அவ்வளவுதான். மதுரை வெயிலில் பழகியவருக்கு முப்பத்திரண்டு டிகிரி சாதாரணமாகத் தெரியலாம்; அந்த உலர்ந்த சூட்டையும் இந்த ஈரச் சூட்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

இதையெல்லாம் சொல்வது உங்களைப் போகவிடாமல் தடுக்க இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று என்னிடம் வரும் உள்ளூர்க்காரர்களை நானே அந்தப் பூங்காவுக்குத்தான் நடக்க அனுப்புகிறேன். 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்ற தாவரவியலாளரின் பொறுப்பில் உருவான இடம். நுழைவுக் கட்டணம் இல்லை. காலை ஏழரைக்குப் போய்ப் பாருங்கள். சீனப் பெரியவர்கள் மெதுவாகக் கை சுழற்றி உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே நாகலிங்க மரங்கள். கிளையில் பூக்காமல் அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாய்க் காம்பு விட்டு, அதில் சிவப்பும் இளஞ்சிவப்புமாய்ப் பூத்திருக்கும். நம் ஊர்ச் சிவன் கோயில்களில் பார்த்த அதே பூ; மரத்தின் சொந்த ஊர் தென்னமெரிக்கா. காலையில் புல்லில் உதிர்ந்து கிடக்கும் பூவைக் குனிந்து எடுத்து முகர்ந்தால் அதன் வாசனை கெட்டியாக இருக்கும். பழம் பீரங்கிக் குண்டு அளவுக்குக் கனமானது, அதனால் மரத்தடியிலேயே நின்று படம் எடுக்க வேண்டாம்.

கொஞ்சம் பொறுமையாக நின்றால் கறுப்புக் குரங்கு ஒன்றைப் பார்க்கலாம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி. இலை தின்னும் சாது, நம் பக்கம் வராது. வாலை உயர்த்திக்கொண்டு தரையில் திரியும் பழுப்புக் குரங்குதான் வம்பு. பிளாஸ்டிக் பை சலசலத்தால் அதற்குச் சாப்பாட்டு மணி அடித்தாயிற்று என்று பொருள். கடலை, பிஸ்கட் எதையும் நீட்டாதீர்கள்; அங்கே அது சட்டப்படியும் குற்றம். பிள்ளைகள் அதன் கண்ணையே உற்றுப் பார்ப்பதும், பல்லைக் காட்டிச் சிரிப்பதும் அதற்குச் சண்டைக்கு அழைப்பாகத் தெரியும். கடித்தாலோ பிறாண்டினாலோ, சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள் பூச வேண்டாம், விபூதி வைக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, டெட்டனஸ், இந்த இனக் குரங்குகளிடம் இருக்கக்கூடிய பி வைரஸ் என்று யோசிக்க வேண்டியவை பல. அடுத்த வாரம் ஊருக்குப் போய்க் காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை.

அப்புறம் கோயில். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் பெரியவர்களில் 31.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வேனில் ஆறு பெரியவர்கள் வந்தால் அதில் இரண்டு பேருக்குச் சர்க்கரை இருந்தால் வியப்பில்லை. பல ஆண்டு சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போகும். அந்தக் காலோடு, செருப்பைக் கழற்றிவிட்டு, பகல் ஒரு மணிக்குத் தண்ணீர்மலைப் படிகளில் ஏறுகிறார்கள். 500க்கு மேற்பட்ட படிகள். மேலே திறந்த தளம், வெயிலில் காய்ந்த தரை. சாதாரணக் கால் என்றால் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடிவிடும். மரத்த கால் நின்று நிதானமாகக் கும்பிடும்.

கிள்ளானிலிருந்து வந்த ஓர் அம்மாவை மறக்க முடியாது. “எனக்கு ஒண்ணும் வலி இல்ல டாக்டர். பாட்டி கால் வைக்கிற இடமெல்லாம் ஈரமா இருக்குன்னு பேத்திதான் சொன்னா” என்றார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால், முன்பாதம் முழுக்கக் கொப்புளம். ஒன்று ஏற்கெனவே உடைந்து தோல் சுருண்டிருந்தது. அவர் அன்று காலை கோயிலுக்குப் போய்விட்டு, அதே காலோடு செருப்பு மாட்டிப் பூங்காவையும் சுற்றிவிட்டு வந்திருந்தார். முகத்தில் துளி வேதனை இல்லை. டாக்டருக்குப் பயம் தருவதே அந்த வேதனையில்லாத முகம்தான். இப்படிப்பட்ட புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். கவனிக்காமல் விட்டால் விரலையோ பாதத்தையோ இழக்கவும் நேரிடும்.

ஆகவே சர்க்கரை உள்ளவர்களை முருகனிடம் காலை ஒன்பது மணிக்குள் அழைத்துப் போய்விடுங்கள். கோயிலும் பூங்காவும் ஒரே பாதையில், பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன; இரண்டையும் காலையிலேயே முடிக்கலாம். தடித்த பருத்திக் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். காலுறையோடு உள்ளே போகலாமா என்று கேட்டுக்கொண்டு போங்கள். காரணத்தைச் சொன்னால் யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. இரவு படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் இன்னொருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இன்சுலினை வெயிலில் நிறுத்திய வேனுக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் அது கெட்டுவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் வியர்வை, நடுக்கம், குழப்பம் வரும். வெயில் அடித்தாலும் கிட்டத்தட்ட அதே அடையாளங்கள்தான். மாத்திரையைப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றில் அல்லது விரதத்தில் மலை ஏறியவர் என்றால் முதலில் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். கருவி கையில் இல்லை என்றால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், சர்க்கரைக்கு எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் போன்றவை சாப்பிடுபவர்களும் மற்றவர்களைவிட வேகமாக வறண்டுபோவார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பயணத்துக்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பகலில் எங்கேதான் போவது? கொடிமலைக்கு, அதாவது பினாங்கு ஹில்லுக்குப் போங்கள். 1923 முதல் ரயில் ஏறுகிற மலை, யுனெஸ்கோ 2021இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த மலை. உச்சியில் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்து டிகிரி குறைவு, கூடவே காற்றும் உண்டு. அருளொளி திருமுருகன் கோயிலும் அங்கேயே இருக்கிறது. ரயிலில் ஏறினால் பாட்டி தாத்தாவுக்கும் சிரமம் இல்லை, வரிசையில் நிற்கும் நேரத்தை மட்டும் கணக்கில் வையுங்கள். நடந்து ஏற ஆசைப்படுபவர்கள் பூங்கா வாசலிலிருந்து போகும் ஜீப் பாதையைப் பிடிப்பார்கள். தார்ச் சாலைதானே என்று குறைத்து எடைபோடாதீர்கள். சுமார் 5 கிலோமீட்டரில் 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், சில இடங்களில் செங்குத்து. இறங்கும்போது முழங்கால் படும் பாடு தனி. நடந்து ஏறி ரயிலில் இறங்குவது நல்ல வழி. ஆனால் ரயில் உங்களை ஆயர் ஈத்தாம் பக்கம் இறக்கிவிடும், நீங்கள் வண்டியை நிறுத்தியதோ பூங்காவில்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர் நிறத்துக்கு வந்தால் போதவில்லை. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிக்காமல் இடையில் உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள். பார்மசியில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும், நான்கைந்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வரை நிழல், விசிறல், கரைசல், ஓய்வு என்று சமாளிக்கலாம். ஆள் உளறுகிறார், தள்ளாடுகிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை என்றால் அது வெப்பத்தாக்கு. அப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கலாம், அதை நம்பி ஏமாறாதீர்கள். 999க்கு அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல் சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டுக்கு உதவாது.

மாலையில் இடி கேட்டால் கடற்கரைத் திடலிலோ பூங்காவின் திறந்த கொட்டகையிலோ ஒதுங்காமல், கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வர வேண்டாம். மலையில் மழை பெய்தால் கீழே அருவியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே கெப்பாலா ஆயர் என்று இங்கே சொல்லும் திடீர் வெள்ளம் இறங்கும். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியுமாக அடித்துக்கொண்டு வந்தால் செருப்பு, பை எதையும் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள். காலில் புண் உள்ளவர்கள் ஓடையில் இறங்கவே வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் அந்தப் புண் வழியாகத்தான் எளிதில் நுழையும்.

அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்தே வரும், டெங்கி நான்கிலிருந்து பத்து நாளுக்குள். அதற்குள் நீங்கள் வீடு திரும்பியிருப்பீர்கள், பினாங்கு மறந்திருக்கும். உங்கள் ஊர் டாக்டரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாதீர்கள். பினாங்கு போயிருந்தோம், இந்தத் தேதியில் காட்டுப் பாதையில் நடந்தோம், ஆற்றில் குளித்தோம், கொசு கடித்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள். அவரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஐபுப்ரூஃபனும் ஆஸ்பிரினும் டெங்கியில் ரத்தக்கசிவைக் கூட்டும்.