பரணில் துருப்பிடிக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள்

ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானத்தின் எஞ்சின் எப்படிக் கெடும் என்று கேட்டால், விழுந்து நொறுங்கித்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். நாகர்கோவிலில் சின்ன எஞ்சின்களைப் பழுது பார்க்கிற என் மேசைக்கு அப்படி அடிபட்டு வருபவை குறைவு. பெட்டிக்குள் பத்திரமாக இருந்தபடியே கெட்டுப்போனவைதான் அதிகம். வள்ளத்து அவுட்போர்டு எஞ்சினும், தோட்டத்துப் புல்வெட்டும் மெஷினும்தான் எனக்குச் சோறு போடும் வேலை. மாடல் எஞ்சின் பிரியத்தில் சேர்ந்துகொண்டது. கல்லூரிப் பையன்களும், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்களும் கொண்டுவருவார்கள். அதில் ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, நல்லா ஓடிட்டிருந்த எஞ்சின். இப்பம் சுத்தவே மாட்டேங்கு."

பின்பக்க மூடியின் நான்கு ஸ்குரூவைக் கழற்றினால் விஷயம் தெரிந்துவிடும். கிராங்கைத் தாங்கும் பின் பேரிங் தவிட்டு நிறத்தில் இருக்கும். குண்டுகளில் பொட்டுப் பொட்டாகத் துருக்குழி. கிராங்க் வெப்பில் காய்ந்த எண்ணெய் கோந்துபோல ஒட்டியிருக்கும். ஓட்டியவர் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார். கடைசியாகப் பறந்த அன்று அப்படியே துடைத்துப் பெட்டியில் வைத்ததைத் தவிர.

இதற்குக் காரணம் எரிபொருளிலேயே இருக்கிறது. இவை குளோ எஞ்சின்கள், அதாவது தீப்பொறிக்குப் பதில் பிளக்கில் சூடேறிய கம்பியால் எரிபொருளைப் பற்றவைப்பவை. குளோ எஞ்சின் குடிப்பது மெத்தனால். ஒரு கிலோ மெத்தனால் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய 1.1 கிலோ தண்ணீர் பிறக்கும். அதே சக்திக்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனால் செலவாகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் புது எரிபொருளும் எண்ணெயும் கிராங்க்கேஸ் வழியாகத்தான் மேலே போகும், அதனால் பேரிங் ஓயாமல் கழுவப்படும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்தப் போக்குவரத்து இல்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசிந்து கீழே இறங்கும் வாயுவோடு வரும் எண்ணெய்தான் பேரிங்குக்கும், வால்வைத் திறக்கும் கேமுக்கும் கிடைக்கிற எண்ணெய். அதே வழியில், எரிந்ததில் பிறந்த நீராவியும் இறங்குகிறது. நைட்ரோமீத்தேன் கூடுதலாகக் கலந்த எரிபொருள் என்றால் கொஞ்சம் அமிலமும் கூடவே வரும். எஞ்சின் ஆறியதும் எல்லாம் உள்ளேயே தண்ணீராகப் படியும்.

இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். நம் மாவட்டத்தில் வேகமாக நடக்கிறது. இடவப்பாதியில் தென்மேற்கு மழை, ஐப்பசியில் வடகிழக்கு மழை என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மீதமிருக்கிற மெத்தனாலோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. மழைக்காலம் முழுவதும் பறக்க வழியில்லாமல் எஞ்சின் பரணில் கிடக்கும். இது எல்லாம் கூடினால் புது பேரிங்கைக்கூட ஒரு மழைக்காலம் முடித்துவிடும்.

தடுக்க ஐந்து நிமிடம் போதும். அன்றைய கடைசி ஓட்டத்தில் த்ராட்டிலை மூடி நிறுத்தாதீர்கள். ஐடிலில் ஓடும்போது டேங்க் குழாயை அழுத்திப் பிடித்து, எரிபொருள் தீர்ந்து தானாக நிற்க விடுங்கள். குளோ பிளக்கில் பேட்டரியை மாட்டி இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்து, மிச்சம் மீதியையும் எரித்துவிடுங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கிராங்க்கேஸின் பிரீதர் நிப்பிளில், அதாவது உள் வாயு வெளியேறும் சிறு முனையில், ஒரு குழாயைச் செருகி, சிரிஞ்சால் எண்ணெய் செலுத்துங்கள். பிளக் ஓட்டையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு. அப்புறம் கையால் புரொப்பெல்லரைப் பத்து இருபது சுற்று சுற்றி, விமானத்தை மூக்கு மேலே, மூக்கு கீழே என்று சாய்த்துக் காட்டுங்கள். பிரீதர் வழியாக ஊற்றாமல் கார்புரேட்டரில் மட்டும் ஊற்றுகிறவர்கள் நிறைய. அந்த எண்ணெய் பேரிங் பக்கம் சரியாகப் போகாது, பெரும்பாலும் மஃப்ளர் வழியாக வெளியேறிவிடும்.

என்ன எண்ணெய்? கார் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். போதும், எந்த ஆட்டோமொபைல் கடையிலும் கிடைக்கும். தையல் மெஷின் எண்ணெய் ரொம்ப இளக்கம், ஒரு வாரத்தில் வடிந்துவிடும். ஒய்.எஸ். என்ற கம்பெனியின் எஞ்சின் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம். அதிலுள்ள சிலிக்கான் டயாஃப்ரம் பெட்ரோலிய எண்ணெயில் ஊறி உப்பிவிடும். அதற்குரிய எண்ணெயை மட்டும் பயன்படுத்துங்கள்.

இனி, வாங்குவது பற்றி. 1976-இல் ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் எஃப்.எஸ்-60 என்ற எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்துதான் மாடல் ஃபோர் ஸ்ட்ரோக் பரவலானது. பிறகு சைட்டோ, ஒய்.எஸ்., சீனத்து ஏ.எஸ்.பி. என்று பல வந்தன. சத்தம் கம்மி, பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுழற்றும், எரிபொருளும் கொஞ்சமாகக் குடிக்கும். ஆனால் டூ ஸ்ட்ரோக்குக்குச் சொன்ன கொள்ளளவையே (கன அங்குலத்தில் சொல்வார்கள்) அப்படியே பார்த்து வாங்கினால் இழுவை போதாது. டூ ஸ்ட்ரோக் 0.40 கேட்கும் விமானத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கில் 0.52, அதாவது 8.5 சிசி. 0.46 கேட்டால் 0.70, 11.5 சிசி. 0.61 கேட்டால் 0.91, ஏறக்குறைய 15 சிசி. 0.70 எஞ்சினுக்கு 13x6 புரொப்பெல்லர் (விட்டம் 13 அங்குலம், பிட்ச் 6 அங்குலம்) நல்ல தொடக்கம், 0.91-க்கு 14x6.

ஓ.எஸ்ஸா சைட்டோவா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றே: எதற்கு ஸ்பேர் கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். சைட்டோவில் சிலிண்டரும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. ஹெட் கேஸ்கெட் கசியும் தொல்லையே இல்லை, ஆனால் வால்வைத் தொட வேண்டுமானால் சிலிண்டருக்குள் கைவிட்டு வேலை பார்க்கணும். ஓ.எஸ்ஸில் ஹெட் தனியாகக் கழலும், புதியவர் கைக்கு எளிது. ஓ.எஸ். சர்பாஸ் வரிசை உறுதியானதுதான், ஆனால் உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. கேம், ரிங் எல்லாம் வெளிநாட்டில் தேடித்தான் எடுக்கணும். பேரிங் மட்டும் பயமில்லை. அது பொது அளவு, பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும், உள்ளூரிலேயே வாங்கலாம். ஒய்.எஸ். மிகுந்த சக்தி உள்ளது. முதல் எஞ்சினாக வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

செகண்ட் ஹேண்ட் என்றால் பளபளப்பைப் பார்க்காதீர்கள். சுத்தம் செய்து பாலிஷ் போட்டு விற்கிறவர்கள் உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைகிற மாதிரி விரலில் தட்டினால் பேரிங் போயிற்று. பிளக்கை மாட்டிச் சுற்றினால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நன்றாக எதிர்த்து நிற்கணும். அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு காதை வையுங்கள். கார்புரேட்டரில் 'ஸ்ஸ்' என்றால் இன்டேக் வால்வு கசிவு, மஃப்ளரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ராக்கர் மூடியைக் கழற்றி இரண்டு வால்வும் ஒரே அளவு இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று குறைவாக இறங்கினால் கேம் தேய்ந்திருக்கலாம். பிளக் ஓட்டையின் மரை, கிராங்க் முனையின் மரை இரண்டையும் மறக்காதீர்கள். பேரிங் மட்டும் போயிருந்தால் விலையைப் பேசிக் குறைத்து வாங்கலாம். கேமும் போயிருந்தால் வேண்டாம்.

பேரிங் மாற்றுவதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் செய்து கிராங்க்கேஸை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். முதலில் புரொப்பெல்லர் ஹப்பைப் புல்லர் வைத்து இழுங்கள். கிராங்க் முனையில் சுத்தியலால் அடித்தால் மரையும் போகும், கிராங்கும் வளையும். அதன்பின் கேம் மூடி, கேம், கேமின் மேல் உட்காரும் டேப்பெட் ஆகியவற்றை எடுங்கள். எந்த டேப்பெட் எந்தப் பக்கத்தது என்று குறித்துத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். சிலிண்டர், கனெக்டிங் ராடு, கிராங்க் வெளியே வந்ததும் கேஸை நன்றாகக் கழுவி, ரப்பர் ஓ-ரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஓவனில் 150 டிகிரி வரை சூடாக்குங்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவன் வேண்டாம், கேஸ் அடுப்புத் தீயும் வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கேஸ் கோணும். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். சூட்டோடு மரப்பலகையில் ஒரு தட்டு தட்டினால் பின் பேரிங் தானாக விழும். முன் பேரிங்கை உள்ளிருந்து மரக்குச்சியால் தள்ளலாம். புது பேரிங்கை ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்து, சூடான கேஸில் இறக்கினால் கையாலேயே உட்காரும். அடித்து இறக்குவதானால் வெளி வளையத்தில் மட்டும்தான் அடி விழணும்.

பேரிங் வாங்கும்போது 'சி3' என்று கேளுங்கள், சூட்டில் இறுகாமல் இருக்க அந்தத் தளர்வு தேவை. நம்ப முடியாத மலிவில் பெரிய கம்பெனி பெயர் பொறித்து வருவது பெரும்பாலும் போலி. இரு பக்கமும் ரப்பர் மூடியது மட்டும் கிடைத்தால், எஞ்சினின் உள்பக்கம் பார்க்கும் மூடியை எடுத்துவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் போகாது.

திரும்பப் பூட்டும்போது பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கேம் பல்சக்கரத்தின் புள்ளி மேனுவலில் காட்டிய இடத்தில் நிற்கும்படி கேமை இறக்கணும். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் எஞ்சின் உதைக்கும், ஸ்டார்ட் ஆகாது. கம்ப்ரஷன் உச்சியில், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு வால்வு இடைவெளி வையுங்கள். ஓ.எஸ்ஸில் 0.04 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு நுழையணும், 0.10 நுழையக் கூடாது. பைக் மெக்கானிக்குகள் இதைப் பார்த்து, "இவ்வளவு கம்மியா?" என்று தாராளமாக வைத்துவிடுவார்கள். மாடல் எஞ்சினில் அலுமினிய சிலிண்டர் சூட்டில் நீள்கிற அளவுக்கு, வால்வைத் தள்ளும் புஷ்ராடு நீளாது. ஆகவே ஓட ஓட இடைவெளி கூடத்தான் செய்யும்.

பழைய எஞ்சின் விளக்கெண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடியிருந்தால் பிஸ்டன் ரிங் பசையில் ஒட்டி இறுகியிருக்கும். கட்டாயப்படுத்திச் சுற்றினால் ராடு வளையும். ஹீட் கன்னால் சூடு காட்டினால் இளகும். பிரித்த உலோகப் பாகங்களைக் கார் கூலன்டில் மெல்லக் காய்ச்சினால் பழுப்புக் கறை எல்லாம் விடும். ஆனால் கூலன்ட் விஷம். வெளித்திண்ணையில், இனிச் சமையலுக்கு எடுக்காத பாத்திரத்தில் மட்டும் செய்யுங்கள்.

ஓட்டும்போது வரும் ஆபத்துகளில் முதலாவது லீன், அதாவது காற்றோடு சேரும் எரிபொருள் குறைந்துபோவது. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலை இறுக்கி இறுக்கி உச்ச வேகம் தேடினால் ஃபோர் ஸ்ட்ரோக் திடீரென்று பின்னால் உதைத்து, நட்டைக் கழற்றி, புரொப்பெல்லரையே எறிந்துவிடும். டாக்கோமீட்டரில் உச்சத்துக்கு வந்ததும் 200, 300 ஆர்.பி.எம். குறையும்வரை நீடிலைத் திறந்து விடுங்கள். கூடவே வரும் இரண்டாவது நட்டை, அதான் லாக் நட்டை, கட்டாயம் மாட்டுங்கள். நீடில் திருப்புவதானால் புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று திருப்புங்கள். எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வைப்பதற்கு முன் கையால் இரண்டு முழுச் சுற்று. தலைகீழாகப் பொருத்திய எஞ்சினில் எரிபொருள் சிலிண்டரில் தேங்கியிருந்தால் ஸ்டார்ட்டர் ராடை வளைத்துவிடும்.

எரிபொருள் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே மெத்தனால்தான் நம் டேங்கில் இருப்பது. தமிழ்நாட்டில் மெத்தனாலை உரிமம் இல்லாமல் வாங்கவோ இருப்பு வைக்கவோ முடியாது. எரிபொருள் விற்பவரிடம் உரிமமும் பில்லும் கேளுங்கள். என் கடையில் கலந்து தரச் சொல்லிக் கேட்காதீர்கள், நான் செய்வதில்லை. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும். எரிபொருள் கிடைக்காமல் அல்லாடுவதைவிட, சைட்டோ எஃப்.ஜி. போன்ற பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவது பலருக்கு நல்லது என்பது என் எண்ணம். அதற்கும் பெட்ரோலில் எண்ணெய் கலக்கணும், சிலிக்கான் குழாயை மாற்றிப் பெட்ரோலுக்கான குழாய் போடணும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதுவும் ஈரம் இழுக்கும், எனவே டேங்கில் விட்டு வைக்காதீர்கள்.

எங்கே பறக்கவிடுவது என்பதும் எஞ்சின் ஆயுளைத் தீர்மானிக்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் இருக்கின்றன. கார்னெட் உப்புத்தாள் செய்கிற பொருள். ஏர் ஃபில்டர் இல்லாத எஞ்சினை அந்த மணலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் சிலிண்டர் கீறிப்போகும். கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல், அறுவடை முடிந்து காய்ந்த வயல் அதைவிட நல்லது. தேரூர், சுசீந்திரம் குளங்கள் பறவைகளின் இடம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலைக்கு நல்லது, மாடல் விமானத்துக்கு அல்ல. கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் மாவட்ட எல்லையை ஒட்டியே இருப்பதால், புது இடம் என்றால் ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் அது பச்சை மண்டலமா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பழுதுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டேங்கை வடித்துவிட்டு எஞ்சினை மட்டும் கழற்றிக் கொண்டுவாருங்கள். மஃப்ளர், பழைய பிளக், புரொப்பெல்லர் நட்டு மூன்றும் கூட இருக்கட்டும். பிளக்கின் கம்பி நிறத்தைப் பார்த்தே பாதிக் கதை தெரிந்துவிடும். சுற்றாமல் இறுகிவிட்டது என்றால் குறடு வைத்துத் திருப்பிப் பார்க்காமல், பிளக் ஓட்டையில் ஏ.டி.எஃப். ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டுக் கொண்டுவாருங்கள்.