மறுஒளிபரப்பு வேறு, அஞ்சல் வேறு

உரிமை இல்லாத சேனலைக் கேபிளில் விட்டவர்மீது வழக்கு என்று செய்தி வரும்போதெல்லாம் 'அனுமதியின்றி மறுஒளிபரப்பு' என்றே எழுதுகிறார்கள். அந்தச் சொல் தவறு. தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்ட சீரியலை மறுநாள் மத்தியானம் திரும்பப் போடுவதுதான் மறுஒளிபரப்பு என்பார்கள். அதில் என்ன குற்றம் இருக்கிறது? செய்தியைப் படிப்பவருக்கு வழக்கு எதற்கு என்றே விளங்காது.

ஆங்கிலத்தில் பிராட்காஸ்ட் முதலில் வயல்வெளிச் சொல். விதையைக் கையால் வீசித் தூவுவதைக் குறித்தது. நம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் சாமையைத் தூவி விதைப்பது அதேதான். 'பரப்பு' அதற்குப் பாந்தமாக அமைந்தது. வானொலிக்கு ஒலிபரப்பு, தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பு. இதுவரை குறை ஒன்றுமில்லை.

முன்னால் 'ரீ' வந்து ஒட்டும்போதுதான் மொழிபெயர்ப்பாளர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். 'ரீ'யைக் கண்டால் 'மறு' என்பது பழகிப்போன கை. மறுதேர்தல், மறுகூட்டல், மறுபிறவி என எதை எடுத்தாலும் முதலாவது முடிந்த பிறகுதான் இரண்டாவது வரும். தமிழ்க் காது 'மறு'வை அப்படித்தான் கேட்கும். ஆனால் ஒளிபரப்பு நிறுவனங்களின் உரிமைகளையும் பேசும் 1961ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கை, மூன்றாம் உறுப்பில், 'ரீபிராட்காஸ்டிங்' என்பதற்குத் தரும் விளக்கம் வேறு: ஓர் ஒளிபரப்பு நிறுவனத்தின் ஒளிபரப்பை இன்னொரு நிறுவனம் அதே நேரத்தில் ஒளிபரப்புவது. நேரம் ஒன்று, ஆள் வேறு. நாம் மறுஒளிபரப்பு என்பதிலோ ஆள் ஒன்று, நேரம் வேறு. நேர் எதிரான இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சூட்டினால் எப்படி?

1995ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம், வானில் வரும் தொலைக்காட்சி சிக்னலைக் கம்பி வழியே கடத்தித் தருவதையும் கேபிள் சேவைக்குள் சேர்த்தே வரையறுக்கிறது. அதையும் 'மறுபரப்பல்', 'மறுகடத்தல்' என்று பெயர்க்கிறார்கள். கடத்தல் என்றதும் செம்மரம் நினைவுக்கு வரும் ஊரில் 'மறுகடத்தல்' என்றால் யார் புரிந்துகொள்வார்கள்?

இதற்கான சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: அஞ்சல். வானொலியில் 'இந்நிகழ்ச்சியை மற்ற நிலையங்களும் அஞ்சல் செய்கின்றன' என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! தர்மபுரி பண்பலை 102.5இல் வேற்று நிலையத்துச் செய்தி வந்தால் அது அஞ்சல். திருவிதாங்கூரில் ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கடிதம் கொண்டுபோன துறைக்கே அஞ்சல் என்றுதான் பெயர். 1951இல் இந்தியத் தபால் துறையோடு சேரும்வரை அது தனியாக இயங்கியது. ஆங்கில 'ரிலே'யும் வழியில் வேட்டைநாயையும் குதிரையையும் மாற்றிக்கொண்டதில் பிறந்ததுதான். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் வாங்கி மேலே கொண்டுபோவதுதான் இரண்டு சொல்லிலும் உள்ள கரு. தபாலோடு குழம்பிவிடாதா என்பார்கள். அஞ்சல் ஓட்டம் என்று சொல்லும்போது யாரும் தபால்பெட்டியைத் தேடுவதில்லை.

கேபிள் கன்ட்ரோல் ரூமில் நடப்பதைப் பார்த்தாலே இந்தச் சொல்லின் பொருத்தம் தெரியும். டிஷ்ஷில் விழும் சிக்னல், அதன் முனையில் அதை வாங்கும் எல்.என்.பி. கருவி வழியாக ரிசீவருக்கு வந்து, என்கோடரில் சுருங்கி, சந்தா கட்டியவர் மட்டும் பார்க்கும்படி போடும் மறையாக்கப் பூட்டு மாற்றப்பட்டு, கம்பியில் செல்லும் அலையாக்கும் மாடுலேட்டரில் ஏறி, ஃபைபரிலும் ஆம்ப்ளிஃபையரிலும் கடந்து வீட்டு பாக்ஸுக்குப் போகிறது. எல்லாம் சில நொடிதான். முறைப்படி செய்பவருக்குச் சேனல்காரர் ஒப்பந்தம் போட்டு ரிசீவர் தருகிறார். முறைகேடாகச் செய்பவர் ஒரு வீட்டுக்கென்று வாங்கிய டி.டி.எச். பாக்ஸை அந்த இடத்தில் வைத்து ஊருக்கே விடுகிறார். மாட்டிக்கொள்வதும் அதனால்தான். திரையில் அவ்வப்போது ஒரு நீண்ட எண், ஒருமுறை மூலையில், ஒருமுறை நடுவில், சில நொடி தோன்றி மறையும். அது பாக்ஸின் அடையாளம்; வீட்டுக்கு வீடு மாறவேண்டும். தெரு முழுக்க டி.டி.எச்.காரரின் எண் ஒன்றே வந்தால் பின்னால் இருப்பது ஒரே பாக்ஸ். ரீசார்ஜ் தீர்ந்தால் 'பணம் கட்டவும்' என்ற அறிவிப்பும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வரும். மறுஒளிபரப்பில் இப்படி நடக்க வழியே இல்லை.

இதைத் 'திருட்டு ஒளிபரப்பு' என்பதும் எனக்கு உடன்பாடில்லை. பாக்ஸுக்குச் சந்தா கட்டியிருப்பார். மீறியது அந்தச் சந்தாவின் எல்லையை. ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 25 ஆண்டு உரிமை தரும் பதிப்புரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவும் உரிமம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஆகவே 'உரிமமற்ற அஞ்சல்' என்பதே சரி. கேபிளில் என்றால் 'உரிமமற்ற கம்பிவழி அஞ்சல்'.

'வெளிநாட்டுச் சேனல்' என்பதையும் மொழியை வைத்து எழுதுகிறார்கள். ஓசூரில் ஓடும் கன்னடச் சேனலும் கிருஷ்ணகிரியில் ஓடும் தெலுங்குச் சேனலும் வெளிமாநிலத்தவை, அவ்வளவே. வெளிநாட்டிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏற்றப்படுவது தமிழில் பேசினாலும் வெளிநாட்டுச் சேனல்தான். மத்திய அரசிடம் பதிவு பெறாத எந்தச் சேனலையும் கேபிள்காரர் தரக்கூடாது என்பது கேபிள் விதி 6(6). தன் மொட்டைமாடியில் எட்டடி டிஷ் வைத்து, பூட்டில்லாமல் வரும் சேனலைத் தன் வீட்டில் மட்டும் பார்ப்பவர் யாருக்கும் எதையும் அஞ்சல் செய்யவில்லை. அவரையும் 'மறுஒளிபரப்பு' செய்தியில் சேர்த்து எழுதுவதை இனியாவது நிறுத்துங்கள்.