ஸ்லாலம்: பத்தில் ஒன்பது பதக்கங்களில் ஒட்டியிருக்கும் சொல்

லிக்டன்ஸ்டைன் என்றொரு நாடு. சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே, ரைன் ஆற்றங்கரையில், மொத்தமே 160 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை இன்றைக்குச் சுமார் 40,000. கோடைக்கால ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. குளிர்கால ஒலிம்பிக்கிலோ 1976 முதல் 2018 வரை 10 பதக்கங்கள்: 2 தங்கம், 2 வெள்ளி, 6 வெண்கலம். எல்லாமே காலில் ஸ்கீ கட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கும் போட்டிகளில் கிடைத்தவை.

பட்டியலை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. நட்டுவைத்த கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலத்தில் 5, ஜயண்ட் ஸ்லாலத்தில் 3, சூப்பர் ஜி என்று சுருக்கிச் சொல்லும் சூப்பர் ஜயண்ட் ஸ்லாலத்தில் 1. ஆக, பத்தில் ஒன்பது பதக்கங்களின் பெயரில் ஸ்லாலம் இருக்கிறது. தப்பித்த ஒன்று, மலைச்சரிவில் முழு வேகத்தில் இறங்கும் டவுன்ஹில்லில் வாங்கியது.

நம் செய்திகளில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: பனிச்சறுக்கு. 1980இல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் நடந்த ஒலிம்பிக்கில் ஹன்னி வென்சல் என்ற லிக்டன்ஸ்டைன் வீராங்கனை மூன்று பதக்கங்கள் வாங்கினார். அதை நம் வழக்கப்படி எழுதினால் 'பனிச்சறுக்கில் தங்கம், பனிச்சறுக்கில் தங்கம், பனிச்சறுக்கில் வெள்ளி' என்று வரும். அச்சுப்பிழை என்றுதான் வாசகர் நினைப்பார். அவர் தங்கம் வென்றவை ஸ்லாலமும் ஜயண்ட் ஸ்லாலமும், வெள்ளி, டவுன்ஹில்லில். அவருடைய தம்பி ஆண்ட்ரியாஸ் ஜயண்ட் ஸ்லாலத்தில் வெள்ளி வாங்கினார். ஒரு வீட்டுப் பிள்ளைகள் இருவர் வாங்கிய பதக்கங்களால் 25,000 சொச்சம் பேர் வாழ்ந்த நாடு அந்த ஆண்டுப் பதக்கப் பட்டியலில் ஆறாவது இடத்துக்கு வந்தது.

சரி, ஸ்லாலம் என்றால் என்ன? சொல் நார்வேயின் டெலிமார்க் பகுதிப் பேச்சுவழக்கிலிருந்து வந்தது. அங்கே அது 'ஸ்லாலோம்'. 'ஸ்லா' என்றால் இலேசாகச் சரிந்த நிலம். 'லோம்' என்றால் ஸ்கீ போன பிறகு பனியில் விழுந்து கிடக்கும் தடம். சேர்த்தால் 'சரிவுத் தடம்'. அவ்வளவுதான்.

இதில் வளைவும் இல்லை, நெளிவும் இல்லை. டெலிமார்க்காரர்கள் தங்கள் ஊர்ச் சரிவுகளுக்குக் கடினத்தைப் பொறுத்துப் பெயர் வைத்திருந்தார்கள். குதிக்க வேண்டிய மேடோ வேலியோ பள்ளமோ குறுக்கிடும் தடத்துக்கு ஒரு பெயர். அப்படிப் பல இடைஞ்சல்கள் அடுத்தடுத்து வருகிற, துணிந்தவன் மட்டும் இறங்குகிற தடத்துக்கு வேறொரு பெயர். இந்த வரிசையில் ஸ்லாலோம் அடிமட்டத்தில் இருந்தது. பெரிய சரிவில் இறங்கத் தெரியாத சின்னப் பிள்ளைகள் பழகும் தடம் அது. குழந்தைகள் பழகிய தடத்தின் பெயர்தான் இன்று ஸ்கீ போட்டிகளிலேயே அதிக நுணுக்கம் கேட்கும் போட்டிக்குப் பெயராகிவிட்டது.

இடையில் பொருளை மாற்றியவர் ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர். 1888இல் மதராஸில் பிறந்தவர். தந்தை கிறித்தவச் சமயப் பணிக்காக இங்கே வந்த மருத்துவர். (அதற்காகச் சென்னைக்காரர் என்று சொந்தம் கொண்டாட வேண்டாம், மெரினாவில் ஸ்கீ பழகியவர் அல்லர்.) 1922இல் சுவிட்சர்லாந்தின் மியூரன் என்ற மலையூரில் இவர் புது மாதிரிப் போட்டி ஒன்றை நடத்தினார். அதுவரை ஸ்கீ ஓட்டுபவர் எவ்வளவு நளினமாகத் திரும்புகிறார் என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுவதுண்டு. லன் அதைத் தூக்கி எறிந்தார். சரிவில் இரண்டிரண்டு கொடிகளாக நட்டு, அவற்றினூடே யார் சீக்கிரம் கீழே வருகிறாரோ அவரே வென்றவர் என்றார். காட்டில் மரங்களுக்கிடையே புகுந்து இறங்குகிற திறமையைச் சோதிப்பதுதான் நோக்கம். கொடிகள் மரங்களுக்குப் பதிலி. பெயர் நார்வேயிலிருந்து, விளையாட்டு மியூரனிலிருந்து என்றாயிற்று.

1936இல் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் ஒலிம்பிக்கில் டவுன்ஹில்லும் ஸ்லாலமும் சேர்ந்த கூட்டுப் போட்டியின் பாதியாக ஸ்லாலம் நுழைந்தது. 1948இலிருந்து தனிப் போட்டி. லிக்டன்ஸ்டைன் முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்குக்கு வந்ததும் அதே 1936இல்தான். அந்த ஆண்டே பெர்லினில் நடந்த கோடைக்கால ஒலிம்பிக்குக்கும் போனார்கள். அங்கேதான் தங்கள் கொடியும் ஹைட்டியின் கொடியும் ஒன்றுபோல இருப்பது தெரிந்தது. ஊர் திரும்பி, 1937இல் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்தார்கள்.

இப்போது போட்டியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். சரிவு முழுக்கத் தண்ணீர் பாய்ச்சி உறைய வைத்திருப்பார்கள். பூம்பனி இல்லை, சிமெண்டுத் தரை மாதிரி இறுகிய பனி. அதில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறிக் கம்புகள். நிறம் மாறும் ஒவ்வொரு இடமும் ஒரு வாயில். ஆண்கள் போட்டியில் அறுபதுக்கு முன்பின்னாக வாயில்கள் இருக்கும். ஒரு முறை இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நொடிக்கு ஒரு திருப்பத்துக்கும் மேலே. கம்பைச் சுற்றிப் போக நேரம் கிடையாது. உடம்பு கம்பின் மேலேயே சாயும். முன்கையாலும் காலில் கட்டிய கவசத்தாலும் கம்பைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். அடியில் சுருள்கீல் இருப்பதால் கம்பு பனியில் படுத்து, ஆள் போனதும் விருட்டென்று நிமிரும். முன்பெல்லாம் மூங்கில் கம்புதான். மூங்கிலிடம் இந்தச் சலுகை இல்லை.

உடம்பு எந்தப் பக்கம் போனாலும் இரண்டு காலும் இரண்டு ஸ்கீயும் வாயிலுக்குள் போயாக வேண்டும். கம்பு ஒரு முறை இரண்டு காலுக்கு நடுவே புகுந்தால் ஆட்டம் முடிந்தது. தப்பாமல் இறங்கியவர்களுக்கு, வேறு விதமாகக் கம்பு நட்டு, இன்னொரு முறை. இரண்டு நேரங்களையும் கூட்டிப் பார்த்து முடிவு.

தமிழில் இதை என்ன சொல்லலாம்? வேரைப் பிடித்துக்கொண்டு 'சரிவுத்தடம்' என்று பெயர்த்தால் சொல்லாராய்ச்சிக்குச் சரி, விளையாட்டுக்குத் தப்பு. மற்ற ஸ்கீ போட்டிகளும் சரிவில்தானே நடக்கின்றன? 'வளைவுச் சறுக்கு' என்றால் ஒரே ஒரு வளைவு கண்ணில் நிற்கிறது. 'கொடிக்கம்புச் சறுக்கு' என்பதைக் கேட்டால் வழுக்குமரம்தான் ஞாபகம் வருகிறது.

சாலையில் இரண்டு பேருந்துகளுக்கு நடுவே புகுந்து போகும் பையனைப் பார்த்து, 'எப்படி நெளிச்சு நெளிச்சு ஓட்டுறான் பார்' என்கிறோம். இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்புவது அந்த நெளிவில் இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்காக எட்டுப் போடுகிறவர் செய்வது வளைவு, இது நெளிவு. என் தேர்வு 'நெளிசறுக்கு'.

நெளிந்த, நெளிகின்ற, நெளியும் சறுக்கு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ஆகவே நடுவே 'ச்' போடக் கூடாது; 'நெளிச்சறுக்கு' என்று யாராவது எழுதினால் பிழை. 'சறுக்கு' என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். யானைக்கும் அடி சறுக்கும் என்கிற ஊரில் சறுக்கல் என்றால் தோல்வி. ஆனால் பனிச்சறுக்கு என்ற சொல் அந்தத் தடையை எப்போதோ தாண்டிவிட்டது. ஆற்றில் படகோட்டும் ஸ்லாலமும் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அறிமுகமானது. அதற்கு 'நெளிபடகோட்டம்' என்று அடைமொழியை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

ஜயண்ட் ஸ்லாலத்தை 'ராட்சத' என்றோ 'மாபெரும்' என்றோ எழுதுவது வேண்டாம். அங்கே பெரிதாவது போட்டி அல்ல. வாயில்களுக்கிடையே உள்ள தூரமும் திருப்பத்தின் அகலமும்தான். 'பெருநெளிசறுக்கு' போதும், நெளிவு பெரிது என்று பொருள் தானாக வரும். சூப்பர் ஜியில் வாயில்கள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கும். வேகம் முதலிடம் பிடிக்கும். எனவே 'விரைநெளிசறுக்கு'. டவுன்ஹில்லுக்கு 'இறக்கச் சறுக்கு'.

இனி லிக்டன்ஸ்டைன் பட்டியலை எழுதிப் பார்க்கலாம். நெளிசறுக்கு: ஹன்னி வென்சல் 1976இல் வெண்கலம், 1980இல் தங்கம், வில்லி ஃப்ரொமெல்ட் 1976இல் வெண்கலம், உர்சுலா கொன்செட் 1984இல் வெண்கலம், வில்லியின் தம்பி பால் 1988இல் வெண்கலம். பெருநெளிசறுக்கு: ஹன்னி 1980இல் தங்கம், ஆண்ட்ரியாஸ் 1980இல் வெள்ளி, 1984இல் வெண்கலம். இறக்கச் சறுக்கு: ஹன்னி 1980இல் வெள்ளி. விரைநெளிசறுக்கு: டீனா வைராதர், 2018இல் வெண்கலம். டீனா, ஹன்னியின் மகள்.