3 நாளில் 50 ஐட்டம்: இந்த மேஜிக் பயிற்சியை முதலில் நிறுத்துங்கள்

வாட்ஸ்அப்பில் மறுபடியும் ஒரு வீடியோ சுற்றுகிறது. வீட்டு ஹாலில் பிறந்தநாள் விழா. சுவர் முழுக்க பலூன். பளபளக்கும் கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் டவ் பேனில் (தீயை மூடி போட்டு அணைத்துத் திறந்தால் உள்ளே புறாவோ கேக்கோ இருக்கும் மேஜிக் சட்டி) எதையோ பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றிப் பற்றவைக்கிறார். தீ அவர் முகம் வரை எழும்புகிறது. பயத்தில் மூடியைப் போடக் கை வரவில்லை. இரண்டடி தூரத்தில் குழந்தைகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது வெறும் அதிர்ஷ்டம்.

பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் பையனைத் திட்டுகிறார்கள். "3 நாள் தீவிர மேஜிக் பயிற்சி, 50 ஐட்டம், கிட் இலவசம், சான்றிதழ் உண்டு" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு அவனை மேடைக்கு அனுப்பியவரை யாரும் கேட்பதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் என்றால் 3 நாளில் 18 மணி நேரம். டீ, சாப்பாடு, தொடக்க விழா, சிறப்பு விருந்தினர் பேச்சு, சான்றிதழ் வழங்கல், குரூப் போட்டோ எல்லாம் போனால் 14 மணி நேரம் மிஞ்சும். 50 ஐட்டத்துக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 17 நிமிடம்கூட முழுதாக வராது. அந்த நேரத்தில் ஆசிரியர் செய்து காட்டுவார், மாணவர் "ஓ, இவ்வளவுதானா!" என்பார், இரண்டு முறை தடுமாறிப் பார்ப்பார், அடுத்த ஐட்டம் வந்துவிடும்.

அந்த "இவ்வளவுதானா"தான் எனக்குப் பெரிய எரிச்சல். ரகசியம் தெரிந்துவிட்டால் ஐட்டம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். மாணவர் நினைத்தால் மன்னிக்கலாம். பயிற்சி நடத்துபவரும் அப்படித்தான் நினைக்கிறார். ரகசியம் என்பது இன்று ஆன்லைனில் வாங்கும் சாமானோடு தாளில் அச்சடித்து வரும் சரக்கு. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் உலோக வளையங்களான லிங்க்கிங் ரிங் செட் வாங்கினால் ரகசியம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு எதற்கு ஒரு பயிற்சி, அதற்கு எதற்குக் கட்டணம்?

ஒற்றை நாணயத்தை மறைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரகசியத்தைச் சொல்லி முடிக்க 5 விநாடி போதும். அதற்குப் பிறகுதான் பாடம் தொடங்குகிறது. உங்கள் கண் எந்தக் கையைப் பார்க்கிறது? பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். வெறுங்கை என்று காட்ட வேண்டிய கையின் கட்டைவிரல் விறைத்து நிற்கிறதா? தோள் ஒருபக்கம் தூக்குகிறதா? மூச்சை அடக்குகிறீர்களா? (புதிதாகக் கற்பவர்களில் பெரும்பாலானவர்கள் சரியாக அந்தக் கணத்தில்தான் மூச்சை நிறுத்துவார்கள், பேச்சும் நின்றுபோகும். முன்வரிசைப் பையன் அங்கேயே பிடித்துவிடுவான்.) நாணயம் போய்விட்டது என்று காட்ட எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள்? உடனே விரித்தால் "இன்னொரு கையில இருக்கு" என்று கத்துவார்கள். நடுவில் ஒரு கேள்வி, ஒரு சிரிப்பு, ஒரு பார்வை விழுந்த பிறகு விரித்தால், நாணயம் எப்போது போனது என்பதையே அவர்களால் யோசித்துப் பிடிக்க முடியாது. இவை எதுவும் அந்தத் தாளில் இருக்காது.

"கை வேகம் வேணும் சார்" என்பது இதன் தம்பி. வேகம் வேண்டாம். சட்டென்று அசைவதைத்தான் மனிதக் கண் முதலில் பிடிக்கும். உண்மையில் நாணயத்தைக் கை மாற்றும்போது எந்த வேகத்தில் மாற்றுகிறீர்களோ, பொய்யாக மாற்றும்போதும் அதே வேகம்தான். அதனால் முதல் நாள் காலையில் நிஜமாகக் கை மாற்றுவதையே 30 முறை செய்ய விட்டு, அதை போனில் படமெடுக்க வேண்டும். பிறகு பொய்யானதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அன்றுதான் அடுத்த அடி. கண்ணாடி முன் மட்டும் பழகுகிறவர்கள் தங்களை அறியாமலே சரியாக அந்த நொடியில் கண் சிமிட்டுகிறார்கள், தப்பு கண்ணில் படுவதே இல்லை. போன் சிமிட்டாது.

அப்படியானால் நல்ல பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? 5 நாள், 5 ஐட்டம். "50 எங்கே, 5 எங்கே, யார் பணம் கட்டுவார்கள்?" என்று கேட்கிறார்கள். நம் நாட்டு மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் 1956 ஏப்ரலில் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை இரண்டாக அறுத்தார். அவளை எழுப்பிக் காட்டுவதற்குள் நிகழ்ச்சி நேரம் முடிந்து ஒளிபரப்பு நின்றது. பதறிப்போன நேயர்கள் நிலையத்துக்கு போன் போட்டுத் தள்ளினார்கள். இன்றுவரை உலகம் பேசுவது அந்த ஒரே ஐட்டத்தைத்தான்.

ஒரு பேட்சுக்கு 12 பேருக்கு மேல் வேண்டாம், 6 பேருக்கு ஒரு பயிற்சியாளர். ஆசிரியர் கையைப் பிடித்து விரலைத் திருத்த வேண்டிய தொழில் இது, 60 பேர் உட்கார்ந்த ஹாலில் நடக்காது. பயிற்சிக்கு 2 வாரம் முன்பே ஒரே ஒரு அசைவை வீடியோவாக அனுப்பிப் பழகிவரச் சொல்லுங்கள். பழகாமல் வருபவர் யார் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் சீட்டைப் புரட்டுவதைவிட 15 நிமிடமாக நான்கு தடவை, நடுவில் வேறு வேலை செய்துவிட்டுப் பழகினால் கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இரவு தூங்கி எழுந்த பிறகு முந்தின நாள் தடுமாறியது சரளமாக வருவதைப் பயிற்சியாளர் எல்லாருமே பார்த்திருப்பார்கள். ஆனால் அட்டவணை போடும்போது மறந்துவிடுகிறார்கள். கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ வலி வந்தால் நிறுத்துங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு பழகுவது வீரம் இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து மேடை. இதைத்தான் எந்தப் பயிற்சியும் சொல்லித்தருவதில்லை. நம் ஊர் மேடை எது? பள்ளி மைதானம், கல்யாண மண்டபம், கோயில் திருவிழாப் பந்தல், அபார்ட்மென்ட் மாடி. குழந்தைகள் தரையில் உட்கார்ந்து கீழிருந்து மேலே பார்ப்பார்கள், மாணவரோ நின்றபடி கண்ணாடியில் பார்த்துப் பழகியிருப்பார். கேமராவைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வைத்து நடு, இடது ஓரம், வலது ஓரம் என்று மூன்று இடத்திலிருந்து எடுங்கள். பாதி ஐட்டம் அங்கேயே அம்பலமாகும். மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், பின்பக்கம் திறந்திருந்தால் செய்யக்கூடாத ஐட்டங்களைத் தனியாகப் பட்டியல் போட்டு வையுங்கள். பெடஸ்டல் ஃபேன் ஓடினால் சில்க் துணி பறக்கும், நூல் வைத்துச் செய்யும் எதுவும் செத்தது. பின்னால் எல்இடி திரை இருந்தால் கறுப்பு நூல் பளிச்சென்று தெரியும். கடையில் கிடைக்கும் தம்ப் டிப் பெரும்பாலும் வெள்ளைக்காரர் தோல் நிறம், நம் கையில் மேடை விளக்குக்குக் கீழே தனியாக மின்னும். (அது என்னவென்று தெரியாதவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம்.)

அடுத்தது மைக். இரண்டு கையும் தேவைப்படும் ஐட்டத்தைச் சொல்லித்தந்து அனுப்புகிறோம். பள்ளி ஆண்டுவிழாவில் கையில் மைக்கைக் கொடுத்துவிடுவார்கள், போச்சு. காலர் மைக்கோடும், ஸ்டாண்ட் மைக்கோடும், மைக்கே இல்லாமலும் மூன்று விதமாக ஒத்திகை வேண்டும். காலர் மைக் மேல் சில்க் துணி உரசினால் ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்கும், தாடையிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள், பேட்டரியைப் புதிதாகப் போடுங்கள்.

பேச்சைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஆங்கில வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லி என்ன பயன்? மாணவர் தன் ஊர்த் தமிழில் தானே எழுதிக்கொண்டு வரட்டும். 20 நிமிட நிகழ்ச்சிக்கு 5 அல்லது 6 ஐட்டம் தாராளம்.

இறுதித் தேர்வு சக மாணவர்கள் முன்னால் நடக்கக்கூடாது. ரகசியம் தெரிந்தவன் தட்டும் கைதட்டல் பொய். பக்கத்துப் பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ கூட்டிப்போய், முன்பின் தெரியாதவர்கள் முன் ஒவ்வொருவரும் 10 நிமிடம் செய்ய வேண்டும். தவறினால் சான்றிதழ் இல்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் கிடைத்தால் அது வருகைச் சீட்டு.

இப்போது தீக்கு வருவோம். அடிப்படைப் பயிற்சியில் தீ வேண்டவே வேண்டாம். குழந்தைகள் பிறந்தநாளில், அடைத்த ஹாலில், எந்த அனுபவசாலியும் செய்ய வேண்டாம். ஹீலியம் விலை அதிகம் என்பதால் மேலே மிதக்கும் பலூன்களில் ஹைட்ரஜன் நிரப்புபவர்கள் உண்டு. பலூன்காரரிடம் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். மேலே மிதந்தால் ஹைட்ரஜன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொறி போதும். கேக் வெட்டும்போது அடிக்கும் ஸ்னோ ஸ்ப்ரே வெறும் நுரை இல்லை, டப்பாவில் அதைத் தள்ளும் வாயு பல சமயம் எரியும் வாயுதான். மெழுகுவத்தி எரியும்போது அடிப்பதே தப்பு, அதன் நடுவில் டவ் பேன் வேறு!

மேல்நிலைப் பயிற்சியில், திறந்தவெளியில், செய்தே ஆக வேண்டும் என்றால்: பெட்ரோல், தின்னர் கிட்டேயே வரக்கூடாது. சானிடைசரும் கூடாது, அதன் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அணைந்துவிட்டது என்று கை வைப்பீர்கள். லைட்டர் திரவம் மட்டும், சிரிஞ்சில் அளந்து 2 மில்லி. பாட்டிலை மூடி, மேடையை விட்டு வெளியே அனுப்பிய பிறகுதான் தீக்குச்சி. தீ தணிந்த மாதிரி இருக்கிறதே என்று மறுபடி ஊற்றினால் தீ கைக்கு ஏறி வரும். மூடி சட்டியில் இறுக்கமாக உட்காருகிறதா என்று தீ இல்லாமல் 50 தடவை போட்டுப் பாருங்கள். நசுங்கிய மூடியைத் தூக்கிப் போடுங்கள். பார்வையாளர் குறைந்தது 10 அடிக்கு அப்பால். ஈரமான கெட்டிப் பருத்தித் துண்டும் தீயணைப்பானும் கையில் வைத்துக்கொண்டு, வேறு எந்த வேலையும் செய்யாத ஒரு ஆள் ஓரத்தில் நிற்க வேண்டும். அந்தப் பளபளக்கும் கோட்டைக் கழற்றிவிடுங்கள், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும்.

பற்றவைத்ததும் பளிச்சென்று எரிந்து மறையும் ஃப்ளாஷ் பேப்பர் என்பது நைட்ரோசெல்லுலோஸ். ஈரமாகவே சேமிக்க வேண்டும், தேவையான துண்டை மட்டும் நிகழ்ச்சிக்கு முன் உலர்த்த வேண்டும். காய்ந்த தாள்களை மே மாத வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன சொல்வது? இறுக்கி உருண்டையாக்கினால் முழுதாக எரியாமல் கனன்ற துண்டு விழும், தளர்வாகக் கசக்குங்கள்.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பேஸ்ட், மை எதுவும் வேண்டாம். வீங்குவதற்கு முன் மோதிரம், வாட்சைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.

துப்பாக்கிக் குண்டைப் பிடிப்பது, கைகால் கட்டித் தண்ணீரில் இறங்குவது போன்றவை பயிற்சி விளம்பரத்தில் இருந்தாலே அந்த ஆளிடம் போகாதீர்கள். சுங் லிங் சூ என்ற பெயரில் புகழ்பெற்ற வில்லியம் ராபின்சன் குண்டு பிடிக்கும் ஐட்டத்தைப் பல ஆண்டுகள் செய்தவர், துப்பாக்கியின் பொறியமைப்பு கெட்டுப்போயிருந்ததால் 1918 மார்ச்சில் லண்டன் மேடையில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். கொல்கத்தாவின் மேஜிக் கலைஞர் சஞ்சல் லாஹிரி 2019 ஜூனில் ஹூக்ளி ஆற்றில் சங்கிலியோடு இறங்கியவர் உயிரோடு திரும்பவில்லை. இருவருமே நேற்று சேர்ந்த மாணவர்கள் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பொதுச் சாலையில் பைக் ஓட்டி விளம்பரம் தேடுவதும் வேண்டாம். ஆபத்தாக வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவு மேஜிக் கலைஞருக்கு விலக்குத் தரவில்லை.

குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஒரு விஷயம். வட்டமான சிறு காந்தங்கள் இன்று பல கிட்டில் வருகின்றன. இரண்டை விழுங்கினால் குடலின் இரு பகுதிகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடலாம், அறுவை சிகிச்சை வரை போகும். எண்ணி எடுத்துவாருங்கள், எண்ணி எடுத்துப்போங்கள். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் கிளம்பாதீர்கள். பிளேடு, ஊசி விழுங்கும் ஐட்டத்தைப் பள்ளியில் செய்யவே கூடாது. மறுநாள் வீட்டில் எவன் செய்து பார்ப்பான் என்று உங்களுக்குத் தெரியாது. மேடைக்கு வந்த பிள்ளையின் நிறம், உடம்பு, மார்க் பற்றிய ஜோக்கை மாணவர் நோட்டிலிருந்தே அடித்துவிடுங்கள்.

புறா, முயலை மேடையேற்றுவதற்கு 2001ஆம் ஆண்டு விதிகளின்படி இந்திய விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும். பச்சைக்கிளி வைத்திருப்பதே குற்றம். கையிலிருந்து விபூதி வரவழைக்கக் கற்றுத்தந்தால் அது கைவேலை என்று மேடையிலேயே சொல்லவும் கற்றுத்தாருங்கள். போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த் அதைத்தான் ஊர் ஊராகச் செய்து காட்டினார். நோய் தீரும், குறி பலிக்கும் என்று பேச ஆரம்பித்தால் நீங்கள் மேஜிக் கலைஞர் இல்லை.

பயிற்சியில் சேரப்போகும் தம்பி தங்கைகளே, பணம் கட்டுவதற்கு முன் நான்கே கேள்வி கேளுங்கள். எத்தனை ஐட்டம்? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? தேர்வு யார் முன்னால்? 30 நாள் கழித்து மறுபடி கூப்பிட்டுக் கையைப் பார்ப்பீர்களா? கடைசிக் கேள்விக்குத்தான் பலர் விழிப்பார்கள். பயிற்சி முடிந்த ஒரு மாதத்தில் கை தன் பழைய தப்புக்குத் திரும்பியிருக்கும், அதைத் திருத்த அரைநாள் போதும். கட்டணத்தில் பாதியை அந்த அரைநாளில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்பவர் கிடைத்தால் அவரிடம் சேருங்கள்.