ஐசோமர்: மாற்றியமா, சமபகுதியமா?

கரிம வேதியியல் முதல் பருவத்தில் இரண்டாவது வாரத்துக்குள் எப்படியும் வந்துவிடும் சொல் ஐசோமர். மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. ஆனால் அணுக்கள் பிணைந்திருக்கும் முறையிலோ, முப்பரிமாண வெளியில் அவை திரும்பியிருக்கும் விதத்திலோ வேறுபடும் சேர்மங்கள். அவ்வளவுதான் இலக்கணம். இதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் மாற்றியம் என்கிறது. இலங்கைப் பாடநூல் சமபகுதியம் என்கிறது. பாடம் தெரியாத ஒருவரிடம் இந்த இரு சொற்களையும் காட்டினால், இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பவை என்று நம்பமாட்டார். ஒன்று வேறுபாட்டைச் சொல்கிறது, மற்றது ஒற்றுமையைச் சொல்கிறது. ரசம், சரம் இரண்டிலும் எழுத்துகள் அவையே மூன்று. வரிசை மாறியதும் ஒன்றைக் குடிக்கிறோம், ஒன்றைத் தொடுக்கிறோம். எழுத்துகள் ஒன்றே என்பதைச் சொல்வதா, சொற்கள் வேறு என்பதைச் சொல்வதா? இரண்டு நாட்டுக் கலைச்சொல்லாளர்களும் ஆளுக்கொரு பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள்.

மூலச்சொல் கிரேக்கம். ஐசோஸ் என்றால் சமம், மெரோஸ் என்றால் பகுதி அல்லது பங்கு. இரண்டையும் சேர்த்து இந்தச் சொல்லை வேதியியலுக்குள் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ். ஆண்டு 1830. அதற்குள் அவருக்கு வேறு வழியில்லாமல் போயிருந்தது.

1820களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமில் பெர்சீலியஸின் ஆய்வகத்தில் வோலர் வெள்ளி சயனேட்டைப் பகுத்துக்கொண்டிருந்தார். பாரிசில் கே-லுசாக்கின் ஆய்வகத்தில் லீபிக் வெள்ளி ஃபுல்மினேட்டைப் பகுத்துக்கொண்டிருந்தார். முதலாவது சாதுவான பொருள். இரண்டாவது லேசாக உரசினாலே வெடிக்கும். முடிவுகள் அச்சில் வந்தபோது இரண்டிலும் வெள்ளி, கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை ஒரே விகிதத்தில் இருந்தன. அன்றைய அறிவுப்படி இது நடக்கவே கூடாது. ஒரு பொருளின் இயல்பை அதன் கூறுகளும் அளவும்தான் தீர்மானிக்கின்றன என்று நம்பிய காலம் அது. வோலர்தான் தவறாகப் பகுத்துவிட்டார் என்று லீபிக் முதலில் எண்ணினார். பிறகு தானே திரும்பச் செய்து பார்த்து ஒப்புக்கொண்டார். இருவரும் வாழ்நாள் நண்பர்களானதும் இதனால்தான்.

1828இல் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைப் பெற்ற கதை எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. உயிரினத்தின் உதவியில்லாமல் ஒரு கரிமப் பொருளைச் செய்தார் என்று அங்கே முடித்துவிடுவார்கள். தொடங்கிய உப்பும் முடிவில் கிடைத்த யூரியாவும் ஒன்றுக்கொன்று மாற்றியங்கள் என்பதை ஏனோ பலர் சொல்வதில்லை. ஓர் அணு கூடவுமில்லை, குறையவுமில்லை. அடுக்கு மட்டும் மாறியது.

பெர்சீலியஸைப் பெயர் சூட்ட வைத்தது மூன்றாவது இணை: டார்டாரிக் அமிலமும் ரசீமிக் அமிலமும். டார்டாரிக் அமிலம் நமக்கு அந்நியமில்லை, புளியின் புளிப்புக்கு முதல் காரணம் அதுதான். ஐரோப்பாவில் அது திராட்சை மது வடிக்கும் பீப்பாய்களின் அடியில் படியும் உப்பிலிருந்து கிடைத்தது. அதே தொழிலில் எப்போதாவது இன்னோர் அமிலமும் கிடைக்கும். திராட்சைக் குலைக்கான இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ரசீமிக் என்று பெயர். இரண்டின் பகுப்பும் இம்மி பிசகாமல் ஒத்திருந்தன. இனி இதைப் பிழை என்று தள்ள முடியாது என்ற நிலையில்தான் அவர் 'சம பங்கு கொண்டவை' என்று பெயரிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1830இல் கட்டமைப்பு வாய்பாடு என்ற ஒன்றே கிடையாது. கார்பன் நான்கு பிணைப்புகளை உண்டாக்கும், சங்கிலியாகத் தொடரும் என்பதெல்லாம் 1858இல்தான் வந்தது. பியூட்லரோவ் வேதியியல் கட்டமைப்பு என்ற கருத்தை முன்வைத்தது 1861இல். ஆக, அணுக்களின் அடுக்கு வேறாக இருக்கலாம் என்ற ஊகம் மட்டுமே பெர்சீலியஸிடம் இருந்தது. உறுதியாகச் சொல்ல முடிந்தது பகுதிகள் சமம் என்பதைத்தான். அந்தச் சொல் ஒரு புதிரின் பெயர், அதன் விடையின் பெயரல்ல.

இலங்கையின் சமபகுதியம் இந்தக் கிரேக்கச் சொல்லை உறுப்புக்கு உறுப்பு தமிழாக்கியது. தனியாகப் பார்த்தால் சற்றுக் கனமான சொல்தான். ஆனால் அதன் பலம் குடும்பத்தில் இருக்கிறது. பாலிமர் என்ற சொல்லையும் ஆக்கியவர் பெர்சீலியஸ்தான். அதிலும் அதே மெரோஸ். இலங்கையில் பாலிமர் பல்பகுதியம், மோனோமர் ஒருபகுதியம். மூன்றையும் கேட்ட மாணவருக்கு உறவு புரிந்துவிடும். ஐசோடோப்புக்கு அங்கே சமதானி என்று பெயர். தானம் என்றால் இடம், தனிம அட்டவணையில் ஒரே இடம் பெற்றவை. 'ஐசோ' வரும் இடமெல்லாம் 'சம' வரும். தமிழ்நாட்டிலோ ஐசோமர் மாற்றியம், பாலிமர் பலபடி, ஐசோடோப்பு பெரும்பாலும் ஐசோடோப்புதான். மூன்றுக்கும் இடையில் எந்த நூலும் ஓடவில்லை.

ஆனாலும் மாற்றியத்தை ஒதுக்கிவிட முடியாது. மாற்றுச் சாவி, மாற்றுத் துணி, மாற்றுக் கருத்து என்று நாம் நாள்தோறும் புழங்கும் 'மாற்று' அது: ஒன்றின் இடத்தில் நிற்கக்கூடிய வேறொன்று. கட்டமைப்புக் கொள்கை நிலைபெற்ற பிறகு பாடம் எழுதியவர்களுக்கு வேறுபாடுதானே சுவையான செய்தி! அதைப் பெயராக்கியதில் வியப்பில்லை. சொல் சிறியது, வாயில் எளிதாக வருகிறது, கூட்டுச்சொற்களும் கிளைத்துவிட்டன: சங்கிலி மாற்றியம், வினைச்செயல் தொகுதி மாற்றியம், வடிவ மாற்றியம், ஒளியியல் மாற்றியம், இயங்குச் சமநிலை மாற்றியம். இட மாற்றியம் மட்டும் அரசு ஊழியரின் பணியிட ஆணைபோல ஒலிக்கும். புறவெளி மாற்றியம் என்பதில் எனக்கு மனவருத்தம் உண்டு. புறவெளி என்றதும் ராக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. மூலத்திலுள்ள ஸ்டீரியோ என்ற கிரேக்கச் சொல்லுக்குத் திண்மம் என்று பொருள். முப்பரிமாண மாற்றியம் என்றால் யாருக்கும் விளங்கும்.

மாற்றியம் என்ற சொல்லின் உண்மையான குறை வகுப்பில்தான் தெரியும். அது வேறுபாட்டை மட்டும் சொல்வதால், வேறாகத் தெரிவதையெல்லாம் மாற்றியம் என்று எழுதிவிடுகிறார்கள். ஐந்து கார்பன் சங்கிலியை நேராக ஒருமுறை வரைவார்கள், வலது ஓரத்தைக் கீழே மடக்கி இன்னொருமுறை வரைவார்கள், இரண்டு மாற்றியம் என்று எண்ணுவார்கள். இரண்டும் அதே பென்டேன்தான். ஒற்றைப் பிணைப்பு சுழலக்கூடியது, தாளில் மடக்கியதால் எதுவும் மாறிவிடவில்லை. பெயரிட்டுப் பாருங்கள், ஒரே பெயர் வந்தால் ஒரே சேர்மம். சுழற்சியால் வரும் தோற்றங்களுக்கு வச அமைப்புகள் என்று தனிப் பெயர் உண்டு. பென்சீனுக்கு வரையும் இரண்டு படங்களும் மாற்றியங்கள் அல்ல. அவை உடனிசைவு வடிவங்கள். அங்கே அணுக்கள் நகரவில்லை, எலக்ட்ரான்களை வரைவதுதான் மாறுகிறது.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, பியூட்டேனுக்கு 2, பென்டேனுக்கு 3, ஹெக்சேனுக்கு 5 அமைப்பு மாற்றியங்கள். ஆக்டேனுக்கு 18, பத்து கார்பன் கொண்ட டெக்கேனுக்கு 75, இருபது கார்பனுக்கு 3,66,319. ஆக்டேனின் பதினெட்டில் ஒன்றைப் பெட்ரோல் பங்க் வரை எல்லோரும் மறைமுகமாக அறிவார்கள். ஐசோஆக்டேன் என்று தொழில்துறை அழைக்கும் கிளைத்த மாற்றியத்துக்கு ஆக்டேன் எண் (என்ஜினில் தட்டாமல் எரியும் திறனின் அளவு) 100 என்று வைத்துத்தான் மற்ற எரிபொருள்களை அளக்கிறார்கள். அதே எட்டு கார்பனும் பதினெட்டு ஹைட்ரஜனும் கொண்ட நேர்சங்கிலி ஆக்டேனின் எண் சுழியத்துக்கும் கீழே. என்ஜினில் ஊற்றினால் தட்டித் தீர்த்துவிடும்.

சரி, இரண்டு குப்பிகளில் ஒரே வாய்பாடு. எது எதுவென்று கண்டுபிடிப்பது எப்படி? நிறமாலையியலை முதல் பருவத்திலேயே கட்டமைப்போடு சேர்த்துக் கற்பிப்பது இந்தக் கேள்விக்காகத்தான். மூன்று கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் எட்டு இருந்திருக்க வேண்டும், இரண்டு குறைகிறது. எனவே ஓர் இரட்டைப் பிணைப்போ ஒரு வளையமோ உண்டு. அசிட்டோன், புரோப்பனால் (ஆல்கஹால் அல்ல, இதே ஒலிப்புள்ள ஆல்டிஹைடு), அல்லைல் ஆல்கஹால், இன்னும் சில வளையச் சேர்மங்கள் என்று வரிசையில் நிற்கின்றன.

முதலில் அகச்சிவப்பு. அலை எண் 3300 அருகே அகலமான தொங்கல் இருந்தால் ஆல்கஹால். அது இல்லாமல் 1700க்குச் சற்று மேலே கூர்மையாக ஆழமாக ஒரு பட்டை இருந்தால் கார்பனைல். இப்போது அசிட்டோனா புரோப்பனாலா என்பது மட்டும் மிச்சம். மூலக்கூறை அயனியாக்கி, அதன் நிறையையும் உடைந்த துண்டுகளின் நிறையையும் அளக்கும் நிறை நிறமாலையில் இரண்டுக்கும் மூலக்கூறு அயனி 58இல்தான் விழும், மாற்றியம் என்றால் அப்படித்தான். உடைசல்கள்தான் காட்டிக்கொடுக்கும். அசிட்டோன் ஒரு மெத்தில் தொகுதியை உதறிவிட்டு 43இல் உயர்ந்த கோடு தரும், புரோப்பனால் 29இல் தரும். (நிறை நிறமாலையில் நிறமும் இல்லை, மாலையும் இல்லை. ஸ்பெக்ட்ரம் என்பதை நிறத்தோடு கட்டிப்போட்டதன் விளைவு.) ஹைட்ரஜன்களின் சூழலைக் காட்டும் அணுக்கரு காந்த ஒத்திசைவு நிறமாலையை எடுத்தால் பேச்சுக்கே இடமில்லை. அசிட்டோனின் ஆறு ஹைட்ரஜன்களும் ஒரே சூழலில் இருப்பதால் 2.2 பி.பி.எம். அருகே ஒற்றைக் கோடு, அவ்வளவே. புரோப்பனாலுக்கு மூன்று இடங்களில் சைகை வரும். அதில் ஒன்று தொலைவில் 9.8 அருகே தனியாக நிற்கும். அந்த இடத்தில் எதையாவது பார்த்தால் ஆல்டிஹைடு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

இவ்வளவு திறமையான கருவிகளும் ஓரிடத்தில் கைவிரிக்கும். பொருளும் அதன் ஆடி பிம்பமும் போன்ற மாற்றியங்களுக்கு அகச்சிவப்பு, நிறை, காந்த ஒத்திசைவு எல்லாம் சாதாரண நிலையில் கோட்டுக்குக் கோடு ஒன்றாகவே வரும். கார்வோன் என்ற மணப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பிம்பம் ஸ்பியர்மின்ட் புதினாவின் மணம். மற்றொன்று சதகுப்பை விதையின் எண்ணெயில் இருப்பது. பல லட்ச ரூபாய்க் கருவி பிரித்தறியாததை மூக்கு நொடியில் சொல்லிவிடும், ஏனென்றால் மூக்கிலுள்ள புரத ஏற்பிகளுக்கும் இடம் வலம் உண்டு. ஆய்வகத்தில் இதற்குத் தளமுனைவுற்ற ஒளி, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளி வேண்டும். ஒன்று ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும், மற்றது அதே அளவு இடப்பக்கம்.

பெர்சீலியஸின் ரசீமிக் அமிலமும் கடைசியில் இந்தக் கணக்கில்தான் வந்து சேர்ந்தது. 1848இல் பாஸ்டர் அதன் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி, ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமான இருவகைப் படிகங்களைக் கண்டு, இடுக்கியால் பொறுக்கிப் பிரித்தார். குளிர்ந்த வெப்பநிலையில்தான் அந்த உப்பு அப்படித் தனித்தனியாகப் படியும், சென்னையின் மே மாதத்தில் முயன்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிரித்ததில் ஒருவகை நம் புளியில் உள்ள அதே டார்டாரிக் அமிலம், மற்றது அதன் பிம்பம். ரசீமிக் அமிலம் என்பது இரண்டும் சரிபாதி கலந்தது. இடமும் வலமும் ஒன்றையொன்று ஈடுகட்டி ஒளிச் சுழற்சி இல்லாமல் போவதால் பாடநூலில் அதற்குச் சுழிமாய்க் கலவை என்று பெயர். யார் ஆக்கிய சொல்லோ, என் கண்ணில் மொத்தப் பாடத்திலும் மிக அழகானது அதுதான்.

எதை எழுதுவது? தமிழ்நாட்டில் தேர்வெழுதுபவர் மாற்றியம் என்றே எழுதட்டும், கூட்டுச்சொற்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. இலக்கணம் சொல்லும்போது மட்டும் 'வாய்பாடு சமமாயிருந்து' என்று தொடங்கினால் சமபகுதியத்தின் பாதியும் உள்ளே வந்துவிடும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்தவரின் குறிப்பில் சமபகுதியம் என்று கண்டால் அதைத் திருத்த வேண்டியதில்லை. மூலத்துக்கு நெருக்கம் அதுதான். மாற்றி என்று சுருக்குவது கூடாது, அது மின்மாற்றி போன்ற கருவிப் பெயராகிவிடும். ஒரு சேர்மம் தன் மாற்றியமாக மாறும் வினைக்கு மாற்றியமாதல் என்பது போதும்.

இதே சொல் அணுக்கரு இயற்பியலிலும் உண்டு, அங்கே பிணைப்பு, வடிவம் எதுவும் கணக்கில்லை. புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை சமமாயிருந்து ஆற்றல்நிலை மட்டும் வேறாக இருக்கும் இரு கருக்களை ஐசோமர் என்பார்கள். ஆட்டோ ஹான் 1921இல் முதலில் கண்டது யுரேனியச் சிதைவில். மருத்துவமனை ஸ்கேனில் ஊசிவழி செலுத்தும் டெக்னீசியம்-99எம் அந்த வகை. கடைசியிலுள்ள 'எம்' அதைத்தான் குறிக்கிறது. அரை ஆயுள் சுமார் 6 மணி நேரம். காமாக் கதிரை உமிழ்ந்துவிட்டு, அதே புரோட்டான்களோடும் அதே நியூட்ரான்களோடும் டெக்னீசியம்-99 ஆகிவிடும்.